தேவாலயத்துக்கு ஏழாவது கையெழுத்து

தாடிக்குள் சிரிப்பை ஒளித்து வைத்துக்கொண்டு தேவாலயம் மறுபடி திறந்த இந்த முப்பதாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் அருள்தந்தை வாஞ்ஜெல் அவர்களே! மாலைத் தொழுகைக்குள் நான் பேசி முடிக்க வேண்டும் என்பதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் இமாம் சபாஹூதின் அவர்களே! குன்றின்மேல் இருக்கும் தைக்கா மடத்திலிருந்து முழங்கால் வலியோடு இறங்கி வந்திருக்கும் பெக்தாஷி சூஃபிகளின் பாபா அவர்களே! பாலாடைக்கட்டி வைத்த பைரெக் அடை சுட்டுக் கொண்டுவந்து, என் உரை முடியும்வரை ஒரு துண்டுகூட எடுக்க விடமாட்டோம் என்று துணிபோட்டு மூடிக் காவல் காக்கும் தாய்மார்களே! அந்தத் துணியை விட்டுக் கண்ணை எடுக்காத தந்தைமார்களே! கொர்விஷ்தா நகரத்துக் குடிமக்களே! உங்கள் அனைவருக்கும் ஃபெரிதேயின் அன்பு வணக்கம்.

என்ன அங்கே? பின்வரிசையில் யார் அது? "சுருக்கமாப் பேசுங்கக்கா" என்கிறீர்களா? தம்பி, முப்பது ஆண்டுகளாக இந்தத் தேவாலயக் குழுவின் கூட்டக் குறிப்புகளை எழுதியவள் நான். மற்றவர்கள் பேசினார்கள், நான் எழுதினேன். மற்றவர்கள் சண்டையிட்டார்கள், அதை நான் "விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று எழுதினேன். இன்றைக்குத்தான் எனக்கு ஒலிபெருக்கி கிடைத்திருக்கிறது. விடுவேனா?

வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பார்கள். "அம்மா, நீங்க முஸ்லிம்னு சொன்னாங்களே?" ஆமாம். "ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குச் செயலாளர்னும் சொன்னாங்களே?" ஆமாம். "ரெண்டு பேரும் ஒரே ஆளா?" ஆமாமய்யா, ஒரே ஆள், ஒரே தட்டச்சு இயந்திரம், ஒரே மூக்குக்கண்ணாடி! எப்படி இது நடந்தது? அதைச் சொல்லத்தான் என்னை மேடையில் ஏற்றியிருக்கிறார்கள்.

இந்தக் கோவிலுக்குள் நுழைந்ததும் எட்டுப் படி இறங்குகிறோமே, ஏன்? துருக்கிச் சுல்தான் காலத்தில் ஆளுநர் பாஷா அனுமதி கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம். "உங்கள் கூரை எங்கள் பள்ளிவாசல் கூரையைவிட உயரக் கூடாது." நம் ஊர்க் கொத்தனார்கள் யோசித்தார்கள். உயரக் கூடாது என்றுதானே சொன்னார், ஆழக் கூடாது என்று சொல்லவில்லையே! மண்ணைத் தோண்டினார்கள். வெளியே நின்று பார்த்த பாஷாவுக்குச் சின்னக் கட்டடம்; உள்ளே நின்று பார்த்த பக்தருக்குப் பெரிய கோவில். இரண்டு பேருக்கும் மனம் குளிர்ந்தது. அடக்கமாய் நின்று அகலமாய் வாழ்ந்த அறிவல்லவா அது!

பிறகு மொழிச் சண்டை வந்தது. அதுவரை வழிபாடு கிரேக்கத்தில். பாதிரியார் பாடுவார், மக்கள் தலையாட்டுவார்கள், யாருக்கும் ஒன்றும் புரியாது, எல்லாருக்கும் நிம்மதி. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, "எங்கள் திருச்சபையை நாங்களே நடத்திக்கொள்கிறோம், எங்கள் மொழியிலேயே ஓதிக்கொள்கிறோம்" என்று நம் நாட்டு ஆர்த்தடாக்ஸ் மக்கள் எழுந்தார்கள். இந்த ஊரில் முதன்முதலாக அல்பேனிய மொழியில் வழிபாடு நடந்த ஞாயிற்றுக்கிழமை, செம்புப் பாத்திரம் செய்கிற ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாராம்.

"அடப்பாவிகளா! இத்தனை வருஷமா பாவி பாவின்னு பாடினது நம்மளைத்தானா? நான் வேற யாரையோ திட்டுறாங்கன்னு நெனச்சு ஆமென் சொல்லிக்கிட்டு இருந்தேனே!"

சிரியுங்கள், சிரியுங்கள். இனிச் சொல்லப் போவதற்குச் சிரிக்க முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு. கடவுளே இல்லை என்று அரசு தீர்மானித்த ஆண்டு. பள்ளிவாசல் தானியக் கிடங்கானது. தைக்கா கால்நடை மருந்தகமானது. இந்தக் கோவில் விளையாட்டரங்கமானது. எட்டுப் படி ஆழம் இருந்ததால் வாலிபால் ஆடுவதற்கு ஏற்ற உயரம் என்று ஒரு பொறியாளர் சான்றிதழே கொடுத்தார்! அன்று பூட்டுவதற்கான ஆணையை ஒரு பெண் தட்டச்சு செய்தாள். பத்தொன்பது வயது. நகர அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். அவள் பெயர் ஃபெரிதே.

ஆம். நான்தான்.

"ஊர் மக்களின் ஒருமித்த வேண்டுகோளின்படி" என்று தொடங்கும் அந்தக் காகிதம். நான்கு நகல்கள். எந்த மக்கள் வேண்டினார்கள்? எந்தக் கூட்டத்தில் வேண்டினார்கள்? அதையெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று உங்கள் முன் நின்று பேச நான் இருந்திருக்க மாட்டேன். அப்போதைய பாதிரியார் சோதிர் சாமி சாவியோடு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை மெதுவாகப் படித்தார்.

"பிழையில்லாம அடிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு பிழைகூட இல்ல சாமி" என்றேன். பெருமையாகவே சொன்னேன், பத்தொன்பது வயதல்லவா!

"நல்லது. பொய்யா இருந்தாலும் எழுத்துப்பிழை இல்லாம இருக்கே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சாவியை என் மேசையில் வைத்தார். இரண்டு வாரத்தில் அவரை அழைத்துப் போனார்கள். பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

இருபத்துநான்கு ஆண்டுகள் ஓடின. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு வசந்தம். ஆட்சி ஆட்டம் கண்டது, தடை தளர்ந்தது, மின்பணியாளர் பாண்டெலி என் அலுவலகத்துக்குள் மழையில் நனைந்த கோழி மாதிரி வந்து நின்றார். கையில் ஒரு படிவம். திருச்சபை மறுபடி உயிர்பெறுகிறது. கோவிலைத் திரும்பக் கேட்க வேண்டுமானால், பாதிரியார் ஒருவரை அனுப்ப வேண்டுமானால், ஊரில் ஏழு பேர் கொண்ட குழு இருக்க வேண்டும். தலைவர், பொருளாளர், செயலாளர், உறுப்பினர் நால்வர். ஏழு பெயர், ஏழு கையெழுத்து.

"ஆறு பேர் கெடைச்சுட்டாங்க, ஃபெரிதே அக்கா. ஏழாவது ஆளுக்கு நாலு நாளா அலையிறேன்."

"ஏன், ஊர்ல நூத்துநாப்பது கிறிஸ்தவங்க இருக்கீங்களே?"

"இருக்கோம். காபி குடிக்கச் சொன்னா நூத்துநாப்பது பேரும் வருவோம். கையெழுத்துன்னு சொன்னா ஒருத்தனுக்குக் கை சுளுக்கு, இன்னொருத்தனுக்கு எழுத மறந்துபோச்சு. கணக்கு வாத்தியாருக்கா அக்கா எழுத மறக்கும்?"

சிரிக்கிறீர்கள். ஆனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. பட்டியலில் பெயர் ஏறினால் என்ன நடக்கும் என்று பார்த்தே வளர்ந்த தலைமுறை அது. அந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்தே வளர்ந்தவள் நான்.

"படிவத்தைக் கொடு" என்றேன். இயந்திரத்தில் செருகினேன். ஆறு பெயரையும் அடித்தேன். முதலில் மருத்துவச்சி பொலிக்சேனி. தடைக் காலத்தில் ஈஸ்டருக்கு முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட்டுத் தின்றுவிட்டு, ஓடுகளை எங்கள் வீட்டு அடுப்பில் எரித்தவர். கிறிஸ்தவர் வீட்டுக் குப்பையைத்தானே சோதிப்பார்கள்? முஸ்லிம் வீட்டு அடுப்பை யார் சோதிக்கப் போகிறார்கள்! எனக்கும் என் கணவருக்கும் நோன்பு மாதம் வந்தால், "இவங்க ரெண்டு பேருக்கும் ரத்தசோகை, ஒழுங்கா மூணு வேளையும் சாப்பிடுறாங்க" என்று அதிகாரிகளிடம் அவர் சான்றிதழ் கொடுப்பார். ஐந்து பேரை அடித்து முடித்தேன், ஆறாவது பாண்டெலி. ஏழாவது இடத்தில், 'செயலாளர்' என்ற சொல்லுக்கு எதிரே, என் விரல்கள் தாமாக என் பெயரை அடித்தன.

பாண்டெலி எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அக்கா... நீங்க முஸ்லிமாச்சே!"

"படிவத்துல செயலாளர்னுதானே போட்டிருக்கு? கிறிஸ்தவச் செயலாளர்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? பூட்டுனப்ப அடிச்ச கையி. தெறக்குறப்பவும் அடிக்கட்டும்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் கணவர் ரெஜெப் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏன்டி, பள்ளிவாசல் பக்கமே நீ போனதில்ல. அதுக்குள்ள தேவாலயத்துல பதவியா?" என்றார். "பள்ளிவாசல் இன்னும் கோதுமைக் கிடங்காத்தானே இருக்கு? அதுல போய் என்ன பண்ண, மாவா அரைக்க?" என்றேன். சூப்பு ஆறும்வரை யோசித்தார். பிறகு ஆறிய சூப்பையே குடித்து முடித்தார்.

குழு ஆயிற்று. கோவில் எங்கே? அதன் சாவி வாலிபால் பயிற்சியாளர் கிரிஸ்தாக்கிடம். ஆறரை அடி ஆள், கழுத்தில் விசில். யார் இந்தக் கிரிஸ்தாக்? நான் சொன்ன சோதிர் சாமியின் தம்பி மகன்! ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்! ஊரில் கோவிலைத் திறக்கச் சம்மதிக்காத ஒரே ஆள் யார்? அந்தக் கிறிஸ்தவர். திறந்தே ஆக வேண்டும் என்று அவர் வாசலில் போய் நின்றது யார்? இந்த முஸ்லிம். இந்த வேடிக்கை வேறெந்த நாட்டிலாவது நடக்குமா?

"ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கு. கடவுள் இருபத்துநாலு வருஷம் பொறுத்தாரு, இன்னும் ஒரு சீசன் பொறுக்க மாட்டாரா?" என்றார் கிரிஸ்தாக்.

பொலிக்சேனி பொங்கினார். "டேய், உன்னை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டவங்க எங்கம்மா! தலைதான் மொதல்ல வந்துச்சுன்னாங்க. மூளையை உள்ளயே விட்டுட்டு வந்துட்டியா?"

அப்போதுதான் அந்த ஆறரை அடி ஆளின் குரல் உடைந்தது. "எங்க பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போனப்ப இந்த ஊர்ல ஒருத்தராவது கையெழுத்துப் போட்டீங்களா? ஒரு மனு? ஒரு துண்டுச் சீட்டு? இப்ப மட்டும் எங்கருந்து வந்துச்சு பேனா?"

யார் பதில் சொல்வது? நான் மட்டும் சொன்னேன். "அன்னைக்கு அந்தக் காகிதத்தை அடிச்சதே நான்தான், கிரிஸ்தாக்." அவருக்கு அது தெரியாது. திட்டுவார் என்று நினைத்தேன். விசிலைக் கழுத்திலிருந்து எடுத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "ஞாயிறு காலையில பதினோரு மணி வரைக்கும் எடுத்துக்கோங்க. வலையைக் கழட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு, திருச்சபை தற்காலிகமாக அனுப்பிவைக்க, பேருந்தில் வந்து இறங்கினார் தானாஸ் சாமி. எழுபத்தெட்டு வயது. நாடு முழுக்கத் தேடினாலும் உயிரோடு எஞ்சிய பாதிரியார்கள் ஒரு பேருந்து நிறையத் தேற மாட்டார்கள், அவர்களில் ஒருவர். செங்கல் சூளையில் பதினெட்டு ஆண்டு தண்டனை. அவருடைய திருவுடை வெங்காயச் சாக்கில் இருந்தது. எட்டுப் படி இறங்கினார். தரையில் வெள்ளைக் கோடுகள். பலிபீடம் இருந்த இடத்தில் காலணிகள். சுவரில் மதிப்பெண் பலகை, கொர்விஷ்தா இரண்டு, விருந்தினர் மூன்று. நடுவில் வலை.

சாமி வலையைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல கெட்டியான வலை. இருக்கட்டும். ஆண்டவர் மொதமொதல்ல கூப்பிட்டதே வலைக்காரங்களைத்தானே" என்றார்.

அப்படித்தான் நடந்தது, அவையோரே! வலைக்கு அந்தப் பக்கம் ஸ்கோர் எழுதும் மேசைமேல் திருப்பலி, இந்தப் பக்கம் ஊர் முழுக்க. கிறிஸ்தவர், முஸ்லிம், பெக்தாஷி, எதுவுமே இல்லாதவர், எதுவாக இருக்கிறோம் என்றே மறந்துபோனவர்! சாமி கையை உயர்த்தி, "உங்கள் அனைவருக்கும் சமாதானம்" என்றார்.

கூட்டம் என்ன செய்தது தெரியுமா?

கை தட்டியது!

வேறு என்ன செய்யும்? இருபத்துநான்கு ஆண்டு கட்சிக் கூட்டத்துக்குப் போன கைகள்! மேடையில் ஒருவர் வாயைத் திறந்தால் தட்டத்தான் அவற்றுக்குத் தெரியும். யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் "வாழ்க!" என்று கத்தினார். யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இப்போது மூன்றாவது வரிசையில் குனிந்துகொண்டிருக்கிறார்.

சாமி வலை வழியாக எட்டிப் பார்த்தார். "தட்டாதீங்கப்பா. பதில் சொல்லுங்க. நான் வேண்டுவோம்னு சொன்னா, நீங்க பதில் சொல்லணும்."

"என்ன பதில் சாமி?" என்றார் பாண்டெலி, பயபக்தியோடு.

தெரியாதவர்களுக்குச் சொல் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்குத் தொண்டை திறக்கவில்லை. பொலிக்சேனியின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. மறைத்துப் பேசியே பழகிய வாய்க்கு உரத்துச் சொல்ல உடனே வந்துவிடுமா? சாமி மறுபடி பாடினார். "சமாதானத்தோடு ஆண்டவரை வேண்டுவோம்." மௌனம். மூன்றாம் முறை பாடினார். மௌனம். அவர் முகம் வாடுவதை நான் பார்த்தேன். பதினெட்டு ஆண்டு சூளையில் வாடாத முகம்.

அப்போது வாசற்படியிலிருந்து ஒரு குரல். மைதானம் முழுக்க அதட்டிப் பழகிய குரல்.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்!"

திரும்பினோம். எட்டாவது படியில் கிரிஸ்தாக்! பெரியப்பாவோடு பன்னிரண்டு வயது வரை பீடத்தில் நின்றவருக்கு ஒரு வரி மறக்கவில்லை. சாமி பாட, அவர் பதில் பாட, சாமி பாட, அவர் பதில் பாட, ஐந்தாவது தடவை பொலிக்சேனியின் குரல் சேர்ந்தது, ஆறாவது தடவை பாண்டெலி, பத்தாவது தடவை ஊரே! இமாம் சபாஹூதின் அவர்களே, உங்கள் தந்தையார் என் பக்கத்தில்தான் நின்றார். "நாமளும் சொல்லலாமா?" என்று என் காதில் கேட்டார். "இரக்கம்தானே கேக்குறாங்க, நமக்கும் கொஞ்சம் கேட்டு வைப்போமே" என்றேன். சொன்னார்!

மணி பதினொன்று ஆனது. யாரும் கலையவில்லை. கிரிஸ்தாக் நேரே போய்த் தம் கையாலேயே வலையைக் கழற்றினார். "மேட்ச் என்னாச்சு?" என்று ஒருவர் கேட்டார். "பள்ளிக்கூடத் தெடல்ல ஆடிக்கிறோம்" என்றார். ஆடினார்கள். அந்த ஆண்டு முழுக்க மழையில் ஆடி, ஒரு மேட்ச் விடாமல் தோற்றார்கள். அந்த வீரர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாரும் தடைக்குப் பின் பிறந்தவர்கள், எல்லாரும் தென்னை உயரம்! தொட்டி ஏது? தைக்காவிலிருந்து பாபா அவர்கள் அசுரே பாயசம் காய்ச்சும் அண்டாவை அனுப்பினார்கள். முதல் வீரர் இறங்கினார். இடுப்புவரைதான் உள்ளே, மீதி ஆள் வெளியே! சாமி முக்காலிமேல் ஏறி வாளியால் ஊற்றினார். மூன்றாவது ஆளுக்குள் களைத்துப்போய், "இனிமே குள்ளமானவங்களா பாத்து அனுப்புங்கப்பா" என்றார்.

வலையைச் சுருட்டி வைத்த கையோடு கிரிஸ்தாக் என் மேசைக்கு வந்தார். "விசுவாசிகள் பட்டியல்" என்று தலைப்பிட்டு நான் வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்! கணக்கு வாத்தியாருக்குச் சட்டென்று எழுத்து ஞாபகம் வந்தது. சுளுக்கெல்லாம் சரியானது. வரிசை எட்டுப் படி ஏறித் தெருவுக்குப் போனது. பாதி வரிசை முஸ்லிம்கள்! அதில் என் கணவர் ரெஜெப் நின்றார்.

"நீங்க எதுக்குங்க?" என்றேன்.

"நீ போட்டிருக்கியே" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ தனியா மாட்டக் கூடாதுல்ல."

நாற்பத்தேழு வயதில் அந்த மனிதர் எனக்கு எழுதிய ஒரே காதல் கடிதம் அந்தக் கையெழுத்துத்தான். பெருமக்களே, மன்னியுங்கள், கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. தலைநகருக்கு அனுப்பினோம். திருச்சபை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஒன்று, நூற்று நாற்பது கிறிஸ்தவர்கள் உள்ள ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு விசுவாசிகள் எப்படி? விளக்கவும். இரண்டு, குழுவின் செயலாளர் விசுவாசியாக இருத்தல் விதி. தங்கள் செயலாளரின் பெயர் ஐயத்துக்கு இடமளிக்கிறது. சரிசெய்யாவிட்டால் குழுவைப் பதிவு செய்ய இயலாது. பாதிரியார் வேறு ஊருக்கு அனுப்பப்படுவார்.

என் உள்ளம் உடைந்தது. ஆனாலும் எழுந்தேன். "விதி சரிதான். கிரிஸ்தாக் இருக்காரு, அவரைப் போட்டுக்கோங்க. சாமி இங்க இருக்கணும், அதுதான் முக்கியம்" என்றேன். கிரிஸ்தாக் துள்ளி எழுந்தார். "நானா? எனக்கு விசில் அடிக்கத்தான் தெரியும், தட்டச்சு அடிக்கத் தெரியாது!" பாண்டெலி அழுதேவிட்டார். பொலிக்சேனி தலைநகர் அலுவலகத்தைப் பற்றிச் சொன்னதை நான் குறிப்பேட்டில் "விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன்.

தானாஸ் சாமி மட்டும் தம் நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "ஃபெரிதே, தாளைச் செருகும்மா. நான் சொல்றேன், நீ அடி" என்றார். என்னைப் பற்றிய கடிதத்தை நானே அடித்தேன்! அதன் நகல் இதோ. வாசிக்கிறேன், கேளுங்கள்.

"மதிப்பிற்குரிய பெரியோர்க்கு. செயலாளர் விசுவாசியாக இருக்க வேண்டும் என்ற விதியைப் படித்தோம். முழு மனதோடு ஏற்கிறோம். ஆறு பேர் இருந்து ஏழாவது ஆள் கிடைக்காதபோது தன் பெயரைக் கொடுத்தவர் இவர். எங்கள் மக்களின் ஈஸ்டர் முட்டை ஓட்டைத் தன் வீட்டு அடுப்பில் எரிக்க விட்டவர் இவர். இவரைவிட விசுவாசமான ஒருவர் இந்த ஊரில் இல்லை. விசுவாசி என்பதற்கு உங்களிடம் வேறு பொருள் இருந்தால் தெரிவிக்கவும். எனக்கு வயதாகிவிட்டது, சூளையில் இருந்தபோது சில சொற்களின் பொருளை மறந்திருக்கலாம். முந்நூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணிக்கை சரியே. நானே எண்ணினேன். பாவி, தானாஸ்."

தட்டச்சு செய்யும்போது எழுத்து மங்கலாகத் தெரிந்தது. மூன்று இடத்தில் பிழை விட்டேன். என் வாழ்நாளிலேயே பிழையோடு அனுப்பிய ஒரே கடிதம். திருத்தவா என்றேன். "வேண்டாம்மா, உண்மைக்குக் கொஞ்சம் பிழை இருக்கலாம்" என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி. "பதிவு செய்யப்பட்டது." கீழே வேறொரு கையெழுத்தில் ஒரு குறிப்பு. "எங்கள் அலுவலகத்திலும் தட்டச்சு தெரிந்த விசுவாசி ஒருவர் தேவைப்படுகிறார். தங்கள் ஊரில் இன்னும் முஸ்லிம்கள் இருக்கிறார்களா?"

தட்டுங்கள், தட்டுங்கள்! இது கோவிலுக்குள் அல்ல, வெளியேதான், தட்டலாம்!

அன்பர்களே, அரசு ஆணையிட்டால் கதவைப் பூட்டலாம். ஆணையிட்டு ஒருவர் வாசலில் இன்னொருவரை நிற்க வைக்க முடியுமா? ஆணையிட்டு ஒரு கணவனை மனைவியின் பெயருக்குக் கீழே பெயர் எழுத வைக்க முடியுமா? கோவிலைக் கட்டியது கல்லா? இல்லை. கூரையா? இல்லை. குழுவா, கூட்டமா, குறிப்பேடா? இல்லை, இல்லை, இல்லை! "நீ தனியா மாட்டக் கூடாது" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னாரே, அங்கேதான் அஸ்திவாரம். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் கோதுமையை வெளியே அள்ளிப் போட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு மின்கம்பி இழுத்தவர் பாண்டெலி. பள்ளிவாசல் குழுவின் பட்டியலை நான் அடிக்கப் போனபோது, முதல் ஆளாய்ப் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றவர் தானாஸ் சாமி. "அந்தப் படிவத்துல என்ன போட்டிருக்கு ஃபெரிதே? விசுவாசிகள்னுதானே? தள்ளு, நான் போடணும்" என்றார். போட்டார்! இன்றைக்கும் இருக்கிறது, இமாம் அவர்களின் பீரோவில், முதல் பெயராக!

எனக்கு இடம் கொடுத்த அவைக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட பின்வரிசைக்கும், இருந்து கேட்டவர்களுக்கும், இல்லாமல் போனவர்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. சிலுவை போடுகிறவர்களுக்கும், கையேந்துகிறவர்களுக்கும், இரண்டும் தெரியாமல் சும்மா நிற்கிறவர்களுக்கும், எல்லாருக்கும் சமாதானம் உண்டாகட்டும். வணக்கம்.